தொட்டிப் பக்கம், சுவர்ப் பக்கம்

மார்ச் 3, ஞாயிறு

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், அவர் தம்பி (என் கொழுந்தன்), மருந்துக்கடைக்காரர், பஸ் டிரைவர். ஆக நான்கு பேர். சமையலறை வாசலில் நான். அலமாரியில் கடவுள். அவரையும் சேர்த்து ஆறு என்றுதான் எழுத வேண்டும். பேசிய அத்தனையையும் அவரும்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்றும் தோல்வி. எங்கள் குழாய்த் தொழிற்சாலை அணி வரிசையாக ஐந்தாவது முறை தோற்று, எட்டு அணிகளில் எட்டாவதாக நிற்கிறது. ஒன்பதாவது என்று ஓர் இடம் இருந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டார்கள். அந்தத் துக்கத்தை விசாரிக்கத்தான் கூட்டம். காலை பத்துக்கு வந்தவர்கள் இரண்டு மணிக்கு எழுந்தார்கள்.

என் டம்ளர்கள் பத்தையும் தரையில் பரப்பினார்கள். டம்ளர் ஒவ்வொன்றும் ஓர் ஆட்டக்காரனாம். மருந்துக்கடைக்காரர்தான் ரசிகர் சங்கத் தலைவர். அவர் பின்னால் நாலு, நடுவில் மூணு, முன்னால் மூணு என்று அடுக்குவார். பஸ் டிரைவர் முட்டி போட்டு நகர்ந்து வந்து, முன்னால் நிற்பதில் ஒன்றை நடுவுக்கு இழுத்து நாலு-நாலு-ரெண்டு ஆக்குவார்.

"நாலு-நாலு-ரெண்டுதான்யா குடும்பம் மாதிரி. ரெண்டு பேர் சம்பாதிப்பான், எட்டு பேர் வீட்டைப் பாத்துக்குவான்."

"நீ பஸ்ஸை ரிவர்ஸ்லயே ஓட்டிப் பழகினவன். உனக்குப் பின்னால்தான் கண்ணு போகும். கோல் போட ஆள் வேணாமா?"

"மூணு பேரை முன்னாடி நிறுத்தி என்னத்தக் கிழிச்சோம்? அஞ்சு ஆட்டத்துல ஒரு கோல். அதுவும் அவனுங்க ஆளே உள்ள தட்டிவிட்டது."

இப்படியே நாலு மணி நேரம். கோல்கீப்பருக்கு டம்ளர் போதவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து போனார். அலமாரியில் நான் காலையில் துலக்கி வைத்த சின்ன விளக்கை எடுத்து வந்து கோலில் நிறுத்தினார். விளக்கை!

"என்னங்க இது?"

"ரெண்டு நிமிஷம். வேற எதுவும் நிக்க மாட்டேங்குது."

"விடுங்க அண்ணி, நம்ம கோல்கீப்பருக்கு அது எவ்வளவோ மேல்" என்றான் கொழுந்தன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அணியில் வலது பக்கம் ஆடுகிறவன். ஆகவே அவன் எதிரில் வலது பக்கத்தைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. பேச்செல்லாம் கோச், கோல்கீப்பர், இடது பக்கம். இடது பக்கம் ஆடும் பையனுக்கு இவர்கள் வைத்த பெயர் கொக்கு. கால் நீளமாம். கொழுந்தன் நேற்றைய காலுறையைக் கழற்றாமல், நான் உட்கார்ந்து பிரார்த்தனை செய்யும் நாற்காலிமேல் காலைப் போட்டிருந்தான்.

போன பிறகு பார்த்தால் ஒரு டம்ளரில் சிகரெட் சாம்பல். இரண்டில் வேர்க்கடலைத் தோல், எச்சிலோடு. தரையில் ஈரமாக ஏதோ. என்னவென்று பார்க்க எனக்குத் தைரியமில்லை, துணியைப் போட்டு மூடித் துடைத்தேன். விளக்கை மூன்று முறை கழுவி மன்னிப்புக் கேட்டேன். அவர்களுக்காக இல்லை, எனக்காக. எடுத்த கையைத் தடுக்கவில்லையே.

மார்ச் 6, புதன்

அந்த டம்ளரில் இன்னும் சிகரெட் வாடை. தேய்த்துத் தேய்த்து என் கைதான் தேய்கிறது.

மார்ச் 9, சனி

துணி காயப்போட மாடிக்குப் போனவள் ஆட்டம் முடியும்வரை நின்றுவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருஷம். மைதானம் மாடிக்குக் கீழே, ஒரு கோலுக்கு நேர் பின்னால். எல்லா ஆட்டமும் இங்கேதான் நடக்கிறது. ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இன்று பார்க்க வைத்தது கோபம்தான். அப்படி என்னதான் டம்ளரை நகர்த்துகிறார்கள் என்று.

சட்டை எண் தெரியாது, என் கண் அவ்வளவு தூரம் போகாது. பந்து தெரிகிறது. என் வலக்கைப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. அதன் நிழலில் ரசிகர் சங்கம் முழுதும் நிற்கும். இடக்கைப் பக்கம் தொழிற்சாலைச் சுவர். அங்கே யாரும் நிற்பதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கு மேல் படித்ததெல்லாம் நானாகப் படித்தது. எண்ணுவது மட்டும் யாரும் சொல்லித்தராமல் வந்தது. கையில் எதுவும் இல்லாவிட்டால் படியை எண்ணுவேன். இன்று வீட்டுக் கணக்கு நோட்டின் பின்தாளில், ஓரத்தில் ஓடும் நம் ஆள் பந்தைப் பறிகொடுக்கும்போதெல்லாம் ஒரு கோடு. தொட்டிப் பக்கம் ஒரு பத்தி, சுவர்ப் பக்கம் ஒரு பத்தி. இடைவேளைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். நோட்டில் எதை எழுதினாலும் கூட்டிய எண்ணை அன்றே இங்கேயும் எழுதிவிடுவது என் வழக்கம்:

இடைவேளைக்கு முன்: தொட்டி 3, சுவர் 4. பின்: தொட்டி 5, சுவர் 2. கோலுக்கு முன்னால் தூக்கிப் போட்ட பந்து 12. அப்போது அங்கே நம் ஆள் நின்றது 2 தடவை.

0–1.

பன்னிரண்டு தடவை பந்து வருகிறது, பத்துத் தடவை அங்கே ஆளில்லை! இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் பார்த்தால் பந்தியில் ஒருத்தரும் இல்லாத மாதிரி. நாலு-மூணு-மூணு என்றால் என்ன, நாலு-நாலு-ரெண்டு என்றால் என்ன?

மார்ச் 10, ஞாயிறு

அதே நான்கு பேர். அதே டம்ளர்கள். விளக்கை மட்டும் நேற்றே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இன்று கோல்கீப்பர் சர்க்கரை டப்பா.

வாய் சும்மா இருக்காமல் ஒன்று சொன்னேன். "பந்து வர்றப்ப கோலுக்கு முன்னாடி ஆளே இல்லையே."

பஸ் டிரைவர், "அண்ணியை கோச்சா போட்டுடலாம்ப்பா, சாப்பாட்டுச் செலவும் மிச்சம்" என்றார். நான்கு பேரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரருக்குச் சிரித்ததில் புரையேறி, வாயில் இருந்தது என் சுவரில் தெறித்தது. "தங்கச்சி, ஃபார்வர்டு எங்க நிக்கணும்கிறது பெரிய சமாச்சாரம்மா. அது ஓட்டத்துல தீர்மானமாகிறது" என்றார், மீசையைத் துடைத்துக்கொண்டு.

சுவரைத் துடைத்தேன். ஓட்டத்தில் தீர்மானமாகிறதாம்.

மார்ச் 16, சனி

முன்: தொட்டி 4, சுவர் 5. பின்: தொட்டி 6, சுவர் 1. தூக்கிப் போட்டது 15, ஆள் இருந்தது 3. ஆட்டம் 1–3.

சாயங்காலப் பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் பந்து. மன்னிக்க வேண்டும்.

மார்ச் 23, சனி

முன்: தொட்டி 2, சுவர் 5. பின்: தொட்டி 6, சுவர் 2. தூக்கிப் போட்டது 11, ஆள் இருந்தது 1. ஆட்டம் 0–2.

மூன்று ஆட்டமும் ஒன்று போலவே. முதல் பாதியில் நம் ஆட்கள் என் மாடியை நோக்கி ஓடி வருகிறார்கள், மறு பாதியில் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். முகத்தைவிட முதுகு பார்க்கப் பரவாயில்லை.

மார்ச் 24, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி தேடி என் வீட்டுக்காரர் கணக்கு நோட்டைப் புரட்டினார். பின்தாள் கண்ணில் பட்டது. "இது என்ன கோடு?" என்றார். திட்டு விழும் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. நோட்டோடு கூடத்துக்குப் போய்விட்டார்.

நாலு தலையும் ஒரு நோட்டின்மேல். என் கையெழுத்தின்மேல்! மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, "பாத்தீங்களா, நாம எல்லாம் வாயால பேசுறோம், தங்கச்சி கையால பேசியிருக்கு" என்றார். பஸ் டிரைவர் எழுந்து கும்பிட்டார், விளையாட்டாகத்தான். என் வீட்டுக்காரர், "எங்க வீட்ல சும்மாவா, பால்காரன் கூட இவகிட்ட ஏமாத்த முடியாது" என்றார். பதினொரு வருஷத்தில் நாலு பேர் எதிரில் என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. தேநீரை முதலில் அவருக்குத்தான் கொடுத்தேன்.

அவரே கூட்டினார். தொட்டிப் பக்கம் 26. சுவர்ப் பக்கம் 19. நான் மனதுக்குள் சரிபார்த்தேன். கூட்டல் சரி.

"தொட்டிப் பக்கம்னா நம்ம இடது பக்கம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "கொக்கு! நான் சொன்னேனா இல்லையா? ஃபார்மேஷன் தப்பே இல்ல. ஓட்டை அங்க இருக்கு."

கொழுந்தன் மட்டும் நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான்.

தூக்கிப் போட்ட பந்து, ஆள் இருந்தது என்ற பத்தியை யாரும் பார்க்கவில்லை. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பாராட்டு நின்றுவிடுமே என்று சொல்லவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 27, புதன்

மைதானக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. டீக்கடையில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று. மருந்துக்கடைக் கம்ப்யூட்டரில் அடித்தது. "மூன்று ஆட்டம். இடது பக்கம் பறிகொடுத்த பந்து 26! வலது பக்கம் 19. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? – ரசிகர் சங்கம்." கீழே ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குப் படம்.

என் எண்கள். நான் போட்ட கோடுகள். அதற்குக் கீழே இந்த அசிங்கம்.

மார்ச் 30, சனி

இன்று எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

முதல் பாதியில் அந்தப் பையன் தொட்டிப் பக்கம் ஓடி வரும்போதெல்லாம், நிழலில் நின்ற முப்பது நாற்பது பேரும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கையைச் சிறகு மாதிரி அடித்தார்கள். தலை நரைத்தவர்கள்! பேரன் எடுத்தவர்கள்! மருந்துக்கடைக்காரர் ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூலையில் இருந்து உதைக்க அவன் தொட்டி ஓரம் வந்தான். என் மாடிக்கு அது மிகவும் கிட்ட. காக்கிச் சட்டையோடு பஸ் டிரைவர் கயிற்றுக்கு மேல் எட்டித் துப்பினார். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளைத் துடைத்தான், பந்தை வைத்தான், உதைத்தான். நல்ல உதை. கோலுக்கு முன்னால் நம் ஆள் ஒருவரும் இல்லை.

இடைவேளையில் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். கைதட்டல். 0–1.

நாளை ஞாயிறு. துப்பிய அதே வாய் என் டம்ளரில் வந்து படும்.

ஏப்ரல் 1, திங்கள்

ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள் கொக்கின் மனைவி. (இனி அந்தப் பெயரை எழுதக் கூடாது. ஆனால் எனக்கு வேறு பெயர் தெரியாது. அதுவே கேவலம்தான்.)

அளவெடுத்துக்கொண்டே பேசினாள். ஏப்ரல் பதினாலு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் குழு கூடுகிறதாம், அவனை அணியில் இருந்து எடுப்பதைத் தீர்மானிக்க. அணியில் பெயர் இருக்கும்வரைதான் தொழிற்சாலைக் கிடங்கில் வேலை. பெயர் போனால் வேலையும் போகும்.

"மிஷின் ஒண்ணை வெச்சு நாங்க மூணு பேரும் சாப்பிட முடியாதுக்கா. கையைத் தூக்குங்க. யாரோ உக்காந்து எண்ணியிருக்காங்களாம். எந்த மகராசின்னு தெரியலை. நல்லா இருக்கட்டும்."

நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"அப்படி என்ன இருபத்தாறு பந்தை விட்டாருன்னும் புரியலை. எனக்கு இந்த ஜன்னல்ல இருந்து சுவருக்கு மேலதான் தெரியும். சுவர் ஓரமா ஓடுறவங்க மட்டும்தான் கண்ணுல படுவாங்க. இடைவேளைக்கு அப்புறம்தான் அவர் இந்தப் பக்கம் வருவாரு. அதுவரைக்கும் தைப்பேன், அப்புறம் எழுந்து நின்னு பாப்பேன். பாதிப் புருஷனைத்தான் பாத்திருக்கேன்னு வெச்சுக்கங்களேன்." சிரித்தாள். "அந்தப் பாதியில அவர் அவ்வளவு பந்தை விடலக்கா. சத்தியமா."

இடைவேளைக்கு அப்புறம்தான் இந்தப் பக்கம்.

டேப் என் இடுப்பைச் சுற்றி இருந்தது. "என்னக்கா மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டீங்க, விடுங்க, அளவு தப்பிடும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்பைத் திறந்து கூட்டினேன். நாலு முறை கூட்டினேன்.

முதல் பாதியில் இடது பக்க ஆள் தொட்டி ஓரம். மறு பாதியில் அவனே சுவர் ஓரம். அவனுடையது 9-உம் 5-உம். பதினாலு.

வலது பக்க ஆள் முதல் பாதியில் சுவர் ஓரம். மறு பாதியில் தொட்டி ஓரம். 14-உம் 17-உம். முப்பத்தொன்று.

முப்பத்தொன்று என் கொழுந்தன்.

குறுக்கே கோடு இழுத்தது எதற்கு? இடைவேளை என்று. இடைவேளையில் என்ன நடக்கும்? பக்கம் மாறும். இது தெரிந்துதானே கோடு போட்டாய்? பிறகு அவர்கள் கோட்டைத் தாண்டிக் கூட்டும்போது ஏன் வாயை மூடிக்கொண்டு தேநீர் ஊற்றினாய்? கூட்டல் சரியாக இருந்தால் கணக்கும் சரி என்று நினைத்தாயா? இல்லை – பாராட்டு. பாராட்டில் மயங்கி நின்றாய்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. மறு பாதியில் தொட்டி ஓரம் பதினேழு. அந்த நிழலில்தான் சங்கம் நிற்கிறது. அவர்கள் மூக்குக்கு முன்னால், அவர்கள் கைதட்ட வேண்டும் என்றே வித்தை காட்டி, கொழுந்தன் பதினேழு பந்தைக் கோட்டை விட்டிருக்கிறான். இவர்களும் தட்டியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்த பிறகு இரண்டு டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"இது உங்க தம்பி. இது அந்தப் பையன். அந்தச் சுவர் தொழிற்சாலைச் சுவர், அலமாரி தண்ணித் தொட்டி. இப்ப பாதி முடிஞ்சுது. திருப்பி வைங்க."

வைத்தார். பார்த்தார். இன்னொரு முறை திருப்பி வைத்துப் பார்த்தார்.

"கூட்டல் தப்பில்லையே?" என்றார்.

"கூட்டல் தப்பில்ல. கூட்டினதுதான் தப்பு."

ஐயோ அந்தப் பையன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். கடவுளே, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். அவர் சொன்னது: "இருபது வருஷமா ஆட்டம் பாக்குறவங்க நாங்க. பாதியில பக்கம் மாறும்கிறதை மறந்துட்டோம்னு ஊர்ல போய்ச் சொல்லச் சொல்றியா? சிரிப்பா சிரிப்பாங்கடீ."

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அதில் அழுக்கே இல்லை. இருந்தாலும் கழுவினேன்.

ஏப்ரல் 3, புதன்

கொழுந்தனிடம் நேரே கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு நோட்டைப் பாத்தப்பவே தெரியும் அண்ணி. ஓடுறவனுக்குத் தெரியாதா தான் எந்தப் பக்கம் ஓடுறோம்னு?"

"அப்ப ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே." தட்டை என் பக்கம் தள்ளினான். "இன்னும் கொஞ்சம் போடுங்க."

போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. பழகிய கை.

"அவன் பொண்டாட்டிக்குக் கைத்தொழில் இருக்கு அண்ணி, சமாளிச்சுக்குவாங்க. எனக்கு என்ன இருக்கு? அணியில இந்த இடமும் போனா நானும் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியில நிக்கணும். உங்க வீட்டு ஆளை நீங்களே காட்டிக்கொடுப்பீங்களா?" ஏப்பம் விட்டான்.

என்னால் பிறகு சாப்பிட முடியவில்லை. திருட்டுக்கூட இவ்வளவு அருவருப்பாக இருக்காது. திருடன் ஒளிந்துகொள்வான். இவன் இன்னும் கொஞ்சம் கேட்கிறான்.

ஏப்ரல் 4, வியாழன்

கணக்கு நோட்டின் பின்தாள் மூன்றும் இல்லை. கிழித்த இடத்தில் நூல் தொங்குகிறது.

"சிலிண்டர் தேதியெல்லாம் முன்னாடிதானே இருக்கு, அது அப்படியே இருக்கு" என்றார் வீட்டுக்காரர், பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல்.

நாட்குறிப்பு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. பிரார்த்தனைப் புத்தகத்துக்குப் போட்ட அதே நீல அட்டையைத்தான் இதற்கும் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

போய்ச் சொல்லிவிட்டேன்.

மிஷினை நிறுத்தினாள். "எண்ணினது நீங்களா?"

"ஆமா."

"மாடியில நின்னா? துணி காயப்போட்டுக்கிட்டா?"

"ஆமா."

"பொழுது போகலையாக்கா உங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலு, முப்பத்தொன்று, கிழிந்த தாள். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. என் ரவிக்கையை எடுத்து முன்னால் போட்டாள். ஒரு கை தைத்திருந்தது, மறு கை குண்டூசியில் நின்றது.

"போன சனிக்கிழமை அவர் சட்டையை நான்தான் துவைச்சேன். மூணு தண்ணியில. இதை எடுத்துட்டுப் போங்க. காசு வேணாம்."

திரும்பி வரும் வழியெல்லாம் குண்டூசி உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. மாற்றிப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6, சனி

இடது பக்கம் புது ஆள். 0–3. அடுத்துத் துப்ப யாரைப் பார்ப்பார்கள்?

ஏப்ரல் 7, ஞாயிறு

அந்த நான்கு பேர். "டம்ளர் இல்லை" என்றேன்.

"எங்க போச்சு?"

"உள்ள வெச்சுப் பூட்டியாச்சு."

பஸ் டிரைவர், "அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார். "உங்க வாய்க்கு என் டம்ளர் கிடையாது" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முதலில் கண்ணைத் தாழ்த்தியது அவர்.

ஆட்டத்தை விட முடியுமா? வாசலில் கிடந்த செருப்புகளைக் கொண்டுவந்து தரையில் அடுக்கினார்கள். நாலு-மூணு-மூணு. இந்த வாரம் பொருத்தமாக இருந்தது.

நான் உள்ளே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். ஐந்து தாள் வீணாயிற்று.

ஏப்ரல் 8, திங்கள்

எழுதியதைத் தையல் கடைக்கு எடுத்துப்போனேன். அந்த ரவிக்கையும் அதே பையில் கிடந்தது. உள்ளே விடுவாளோ மாட்டாளோ என்று வாசலிலேயே நின்றேன். "படிச்சே காட்டுங்க, கையில வேலை இருக்கு" என்றாள். வாசலில் நின்றபடியே உரக்கப் படித்தேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணியது நான் என்ற இடம் வந்ததும் நின்றது. பிறகு ஓடவில்லை.

முடித்ததும் சொன்னாள்: "கடைசியில தயவுசெய்துன்னு போட்டிருக்கீங்களே, அதை அடிச்சுடுங்க. நீங்க பிச்சையா கேக்குறீங்க? கணக்குதானே குடுக்குறீங்க."

அவள் பென்சிலை வாங்கி அங்கேயே அடித்தேன். அவள் கையை நீட்டினாள். எதற்கு என்று முதலில் புரியவில்லை. "ரவிக்கையைக் குடுங்க, ஒத்தைக் கையோட என்ன செய்வீங்க" என்றாள்.

திருத்தி எழுதிக் குழு அலுவலகத்தில் என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டு பேரிடமும் சொல்லியாயிற்று. கொழுந்தன் இன்று வெளியில் சாப்பிடுகிறானாம். என் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். கோபமா வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை.

கொடுத்ததன் நகல்:

விளையாட்டுக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

மைதானக் கதவில் ரசிகர் சங்கம் ஒட்டிய தாளில் உள்ள எண்களை எண்ணியது நான். அவை தொட்டிப் பக்கம், சுவர்ப் பக்கம் என்று எண்ணப்பட்டவை. ஆள் பார்த்து எண்ணியவை அல்ல. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறுவதைக் கணக்கில் எடுக்காமல் கூட்டிவிட்டார்கள். அருகில் இருந்தும் நான் தடுக்கவில்லை. அது என் தவறு.

மூன்று ஆட்டத்திலும் இடது பக்க ஆட்டக்காரர் பறிகொடுத்தது 14. வலது பக்க ஆட்டக்காரர் பறிகொடுத்தது 31. வலது பக்கம் ஆடுபவர் என் கொழுந்தன், என் வீட்டில் சாப்பிடுபவர். ஆகவே பகைக்காக எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்று. கோலுக்கு முன்னால் தூக்கிப் போட்ட பந்து மொத்தம் 38. அங்கே நம் ஆள் நின்றது 6 தடவை. இதற்கு இரண்டு பக்கத்து ஆட்களும் பொறுப்பல்ல. யாரை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. நிற்கவில்லை என்பது தெரியும்.

நோட்டுத் தாள்கள் கிழிக்கப்பட்டுவிட்டன. ஆனால் எண்களை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வந்து, குழு முன் நின்று படித்துக்காட்டுவேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. பதிலை என் வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம். தெருமுனைத் தையல் கடையில் கொடுத்தால் எனக்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.